ரசீதைப் பிரித்து வாசிப்போம்

(கும்மிடிப்பூண்டியில் வாசகர்களும் மாணவர்களும் கூடிய மாலை வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிஞன்னு சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. ஆனா இன்னிக்கு நான் பேசப் போறது கவிதையைப் பத்தி இல்ல. பகல் முழுக்க நான் வங்கியில் கிளார்க். பற்று, வரவு, இருப்பு என்கிற மூணு சொல்லோடதான் என் பொழப்பு. வாரிய வீடுகளில் குடியிருக்கும் நம்ம ஜனங்க, "பேங்க்ல வேலை செய்ற புள்ள, படிச்சுச் சொல்லும்" என்று காயிதங்களை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒதுக்கீட்டு ஆணை, மடிச்சு மடிச்சுக் கிழிஞ்சுபோன ரசீது, கேட்பு நோட்டீஸ். "இன்னா தம்பி, மாசா மாசம் கட்டினுதான கீறேன், இன்னும் பாக்கின்றானே" என்பார்கள். இந்தக் காயிதத்தை எப்படி வாசிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. இது குமாஸ்தா வேலை, இதில் என்ன அரசியல் என்று கேட்கலாம். அதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1997-ல்தான் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது. அதுக்கு முன்னால நாமெல்லாம் செங்கல்பட்டு. அந்தச் செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் நம் மக்களைப் பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் என்று நாம் பேசுவதற்கெல்லாம் தொடக்கம் அதுதான். 1892-ல் அரசாணை வந்தது. நிலத்தைப் பற்றி அந்த அறிக்கை சொன்னதை நம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். மனையைப் பற்றிச் சொன்னதை அவ்வளவாகப் பேசவில்லை. சேரியில் ஒருவன் குடிசை போட்டிருக்கும் மண்ணும் மிராசுதாரனுடையது. கூலி கேட்டால், வேறு ஆண்டையிடம் வேலைக்குப் போனால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். அந்தப் பயமே ஆளைக் கட்டிப்போடும் கயிறாக இருந்தது. அப்படியானால் நம் தாத்தன் பாட்டன் வாடகை கட்டவில்லையா? கட்டினார்கள். உடம்பால் கட்டினார்கள். அதுக்கு ரசீது கிடையாது, கணக்கும் கிடையாது. எவ்வளவு கட்டினால் தீரும் என்பதும் தெரியாது.

அதனால் ரசீது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இவ்வளவு தரவேண்டும், இவ்வளவு தந்தாய், இவ்வளவு பாக்கி என்று எழுத்தில் இருந்தால், அதைக் கேள்வி கேட்கலாம். எழுத்தில் இல்லாத பாக்கி சாகும்வரை தீராது.

அம்பேத்கரை நாம் சட்ட மேதையாகப் பார்க்கிறோம். அவர் வாடகை வீட்டுக்காரர் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1917-ல் பரோடாவில் வேலைக்குப் போனபோது தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்க வேண்டியிருந்தது. அங்கிருந்தும் தடியோடு வந்து துரத்தினார்கள். பம்பாயில் அவர் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்தது பரேலில் இருக்கும் பி.ஐ.டி. சால். அதைக் கட்டியது பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட். 1896-ல் பிளேக் வந்தது, 1898-ல் அந்த டிரஸ்ட் வந்தது. அது இன்றைய பாஷையில் சொன்னால் அரசாங்கக் குடியிருப்பு. நம் வாரிய வீடுகளுக்கு ஒருவகையில் மூத்த வீடு. கொலம்பியாவுக்கும் லண்டனுக்கும் போய்வந்த மனிதர் அந்தச் சாலில் இருந்துகொண்டுதான் மகாத் போராட்டத்துக்குப் போனார்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971-ல் குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. 2021-ல் அந்த வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். ஜனங்களுக்கு அது இன்னும் ஹவுசிங் போர்டுதான். முதலில் மாடி வீடுகளைச் சொற்ப வாடகைக்குக் கொடுத்தார்கள். பிறகு உலக வங்கி வந்தது. 1977-ல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனை பிரித்துக் கொடுத்தார்கள். போட்ட பணம் திரும்பி வரவேண்டும் என்பது உலக வங்கியின் நிபந்தனை. வாடகை என்ற சொல் மெல்ல ஒதுங்கி, தவணைக் கொள்முதல் என்ற சொல் முன்னுக்கு வந்தது. 20 வருடம் மாதத் தவணை கட்டினால் வீடு உனக்கே, கிரயப் பத்திரம் தருவோம் என்றார்கள். அதுக்கப்புறம் நகரத்துக்கு உள்ளே இருந்த ஜனங்களை வெளியே கொண்டுபோய்க் கொட்டும் காலம் வந்தது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நம் மாவட்டத்தில் திருமழிசைப் பக்கம் கூடப்பாக்கம், 1,024 வீடுகள். கூவம் ஓரத்தில் இருந்தவர்களை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள்.

இந்த வரலாறு முழுக்க அந்த ஒரு துண்டுச் சீட்டில் இருக்கிறது. ஆனால் சீட்டைப் பார்த்தால் தெரியாது. ஏனென்றால் பலதைச் சேர்த்து ஒரே தொகையாக எழுதிவிடுகிறார்கள். அதைப் பிரிக்கத் தெரிய வேண்டும். குறைந்தது நாலு பணம் அதில் கலந்திருக்கும்.

ஒன்று, வாடகை. வீட்டை உபயோகிப்பதற்கான பணம். எத்தனை வருடம் கட்டினாலும் வீடு நம்முடையது ஆகாது. இரண்டு, தவணை. இது வீட்டின் விலையில் ஒரு துண்டு. கட்டக் கட்ட விலை குறைந்து ஒருநாள் தீர வேண்டும். மூன்று, பராமரிப்புக் கட்டணம். படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், கழிவுநீர்க் குழாய், லிப்ட், கூட்டிப் பெருக்குவது இதுக்கெல்லாம். இது விலையும் இல்லை வாடகையும் இல்லை, வேலைக்கான கூலி. நான்கு, வட்டி. பாக்கி விழுந்ததுக்கு மேலே ஏறுவது.

ஏன் பிரிக்கணும்? எல்லாம் நம்ம பாக்கெட்டுலேர்ந்துதானே போவுதுன்னு ஒரு தோழர் கேட்டார். பிரித்தால்தான் ஒவ்வொன்றுக்கும் எதிரே நிற்கும் கேள்வி தெரியும். வாடகை என்றால், யார் எந்த ஆணையில் நிர்ணயித்தார்கள் என்று கேட்கலாம். தவணை என்றால், மொத்த விலை என்ன, எத்தனை கட்டியாச்சு, எப்போது பத்திரம் என்று கேட்கலாம். பராமரிப்பு என்றால், வேலை நடந்ததா என்று கேட்கலாம். வட்டி என்றால், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை சதவீதம், எதன்மேல் என்று கேட்கலாம். ஒரே தொகையாக இருந்தால், கட்டினாயா கட்டலையா என்ற ஒரே கேள்விதான் மிஞ்சும். அந்தக் கேள்வியை அவர்கள் நம்மைப் பார்த்துக் கேட்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது உதாரணத்துக்கு நானே வைத்துக்கொண்ட தொகை. மாதம் தவணை 250, பராமரிப்பு 150, ஆக 400 ரூபாய். ஒரு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் 12 மாதம் கட்ட முடியவில்லை. பாக்கி 4,800. அதில் தவணை 3,000, பராமரிப்பு 1,800. வட்டியை இப்போது விட்டுவிடுவோம். கம்மலை அடகு வைத்து 2,000 ரூபாய் கொண்டுபோய்க் கட்டுகிறார். அதைப் பராமரிப்புக்கு முதலில் வரவு வைத்தால், 1,800 தீர்ந்து, மீதி 200 தவணைக்குப் போகும். தவணைப் பாக்கி 2,800. அதே பணத்தைத் தவணைக்கு வரவு வைத்தால், தவணைப் பாக்கி வெறும் 1,000. பராமரிப்புப் பாக்கி 1,800 அப்படியே நிற்கும். இரண்டிலும் மொத்தப் பாக்கி 2,800-தான். ஆனால் இரண்டும் ஒன்றா? முதல் கணக்கில் வீடு தூரமாகப் போனது. இரண்டாவதில் வீடு கிட்டே வந்தது. பாக்கி நிற்பது பராமரிப்பில். மோட்டார் எத்தனை நாள் ஓடியது என்று அங்கே வாதாடலாம்.

இதை யார் முடிவு செய்வது? கவுண்ட்டரில் இருப்பவரா? 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 59, 60, 61. வங்கியில் வேலைக்குச் சேர்ந்தால் படிக்க வேண்டிய பிரிவுகள். ஒருவருக்கே பல தனித்தனிக் கடன் பாக்கி இருக்கும்போது, இந்தப் பணம் இந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கட்டும் உரிமை கட்டுகிறவருக்குத்தான் முதலில். அவர் சொல்லாமல் விட்டால் வாங்குகிறவர் தன் இஷ்டப்படி வரவு வைக்கலாம். இரண்டு பேரும் செய்யாவிட்டால் பழைய கடன் முதலில் தீரும். ஒரு எச்சரிக்கை. ஒரே கடனின் அசலையும் வட்டியையும் இந்தப் பிரிவை வைத்துப் பிரிக்க முடியாது, பொதுவாக வட்டிக்குத்தான் முதலில் போகும். ஒதுக்கீட்டு ஆணையில் வேறு நிபந்தனை இருக்கிறதா என்றும் படிக்க வேண்டும். ஆனாலும் செலானின் பின்பக்கத்தில் "இந்தத் தொகை இன்ன மாதத் தவணைக்கு" என்று ஒரு வரி எழுதி, அதுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ள என்ன தடை? அந்த ஒரு வரியை எழுதச் சொல்லித்தர நம் மாணவர்கள் போதும்.

பராமரிப்புக்கு வருவோம். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்கு மாடிகளில் வாரியம் கேட்ட பராமரிப்புக் கட்டணம் மாதம் 750 ரூபாய். குடிசையில் இருந்தவரை லிப்ட் என்ற செலவே அவர்களுக்குக் கிடையாது. எட்டு அடுக்காகக் கட்டச் சொல்லி அவர்கள் கேட்கவுமில்லை. நகரத்துக்குள் வேலையைத் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கு உயரத்தின் செலவையும் சேர்த்துக் கட்டு என்றால் என்ன நியாயம்? மின்சாரத்தையும் பாருங்கள். 2016-லிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 2022 செப்டம்பரில் அடுக்ககங்களின் பொது உபயோகத்துக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வைத்தார்கள். கதவுக்கு உள்ளே எரியும் பல்பு ஒரு விலை, வாசப்படியில் எரியும் பல்பு வேற விலை. உங்கள் பிளாக்கின் பொது இணைப்பு எந்தக் கட்டண வகையில் இருக்கிறது, பில்லை யார் கட்டுகிறார்கள்? இது தெரியாமல் பராமரிப்புக் கணக்கைப் பேச முடியாது.

பராமரிப்பு என்ற தலைப்பு சில்லறைக் காசு சமாச்சாரம் இல்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் கட்டடம் இடிந்து 24 வீடுகள் மண்ணோடு போயின. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்னாடியே வெளியே ஓடிவந்ததால் உயிர் தப்பித்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதுசாகக் கட்டிய வீட்டில் சுவரைக் கையால் சுரண்டினால் பூச்சு கொட்டியது. அங்கேதான் பயனாளி பங்குத்தொகை என்று வீட்டுக்கு 1.5 லட்சம் கேட்டார்கள். ஜனங்கள் எதிர்த்துக் கேட்டார்கள்.

பயனாளி என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பாருங்கள். பயனாளி என்றால் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறவன். கை கீழே இருக்கும். தவணை கட்டுகிறான், பராமரிப்பு கட்டுகிறான், வட்டி கட்டுகிறான், பங்குத்தொகையும் கட்டுகிறான். இத்தனையும் கட்டுகிறவன் எப்படிப் பயனாளி ஆவான்? எங்கள் வங்கியில் வீட்டுக்கடன் வாங்கியவரைப் பயனாளி என்று கூப்பிட முடியுமா? வாடிக்கையாளர் என்றுதான் சொல்ல வேண்டும், கணக்கு கேட்டால் அச்சடித்துத் தர வேண்டும். இலவசம் வாங்கித் தின்கிற கூட்டம் என்று மேல்சாதி நடுத்தர வர்க்கம் நம்மைப் பற்றிக் கட்டிவைத்திருக்கும் கதையாடலுக்கு இந்த ஒரு சொல் முட்டுக்கொடுக்கிறது. நம் ரசீதுகளை அடுக்கிவைத்தாலே அந்தக் கதை விழுந்துபோகும்.

2021-க்குப் பிறகு "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" என்று ஒரு திட்டம் வந்தது. குடியிருப்போர் சங்கம் அமைத்து, அதன் மூலம் பராமரிப்புத் தொகையை வசூலித்தால் அதுக்கு இணையான தொகையை அரசும் போடும். நல்ல அம்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. பணம் நம் பிளாக்கிலேயே செலவாகும், கணக்கு பக்கத்திலேயே இருக்கும். ஆனால் இரண்டு விஷயத்தில் விழிப்பாக இருக்கணும். சங்கத்தில் யார் உட்காருகிறார்கள்? கட்சிக்காரரும் வட்டிக்கு விடுகிறவரும் உட்கார்ந்தால் பழைய மிராசு புது வேஷத்தில் வரும். பணம் கட்டுவதும் தண்ணிக்கு நிற்பதும் பெண்கள். நோட்டுப் புத்தகமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இன்னொன்று, பொறுப்பு நமக்கு வந்துவிட்டது, பத்திரம் வந்ததா? முழுசாகக் கட்டி முடித்தும் கிரயப் பத்திரம் கிடைக்காதவர்கள் பல திட்டப் பகுதிகளில் இருக்கிறார்கள். காரணம், நிலமே வாரியத்தின் பேரில் இல்லை. புறம்போக்காக, வேறு துறையின் நிலமாக அப்படியே கிடக்கிறது. தன் பேரில் இல்லாத மண்ணுக்குத் தவணை வாங்கியிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் நம் தமிழர்கள் நிறையப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடியில்தான் இருக்கிறார்கள். அங்கே 1988-ல் டவுன் கவுன்சில் சட்டம் வந்தது. வீட்டின் அளவைப் பொறுத்து மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதில் ஒரு பகுதியைத் தனி நிதியாக ஒதுக்கி, லிப்ட் மாற்றுவது, வண்ணம் பூசுவது மாதிரி பெரிய வேலைக்கு வைக்கிறார்கள். தணிக்கை செய்த கணக்கு வருடாவருடம் நாடாளுமன்றத்துக்குப் போகிறது. இங்கிலாந்தில் 1985-ஆம் வருடச் சட்டம், சேவைக் கட்டணம் நியாயமான செலவாக இருக்கும் அளவுக்குத்தான் செல்லும் என்கிறது. அது எல்லா வகைக் குடியிருப்பாளருக்கும் பொருந்தாது. ஆனால் கொள்கை தெளிவு. காசு கேட்கிறவன் செலவைக் காட்டு. அந்த ஊர்களைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. கணக்கு காட்டுவது முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சிப்காட் லைன் வீடுகளில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சட்டம் வேறு. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 2017-ஆம் வருட நில உரிமையாளர் வாடகைதாரர் சட்டம். அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், பதிவு செய்யணும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை, குடியிருப்புக்கு அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாடகைத் தகராறுக்காகத் தண்ணியையும் கரெண்டையும் கட் பண்ணக் கூடாது. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும்போது, 100 யூனிட் இலவசம் யார் பையில் விழுகிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரிசா, பீகாரிலிருந்து வந்து ஒரு அறையில் எட்டுப் பேர் தங்கியிருக்கும் தொழிலாளிக்கும் இதே சட்டம்தான். அவரும் நம் ஆள்தான், அவருக்கும் சொல்லுங்கள்.

வாரிய வீடுகளுக்கு இந்த 2017 சட்டம் பொருந்தாது. அரசுக் கட்டடங்களுக்கு விலக்கு. அதனால் வாரியக் குடியிருப்பாளருக்கு வாடகை நீதிமன்றம் இல்லை. அப்ப நம்ம கையில என்ன இருக்கு? ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறது. 2005-ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தரணும். வீட்டை அரசு அமைப்பு கட்டிக் கொடுப்பதும் சேவைதான், குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. இன்றைய விதிப்படி 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை கேட்கிறேன். ஊர்வலத்துக்கு வருகிறீர்கள், சுவரொட்டி ஒட்டுகிறீர்கள், நன்றி. இனி ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம். ஒருத்தர் ஒரு பிளாக். வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் நாலு பத்தி: வாடகை, தவணை, பராமரிப்பு, வட்டி. இருக்கும் ரசீதையெல்லாம் தேதி வாரியாக ஒட்டுங்கள். இல்லாத மாதத்தை வெறுமையாக விடுங்கள். பிறகு தகவல் உரிமை மனு. மூணு கேள்வி போதும். என் ஒதுக்கீட்டுக்கான கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டின் நகல் கொடு. எங்கள் திட்டப் பகுதியில் பராமரிப்புக்கு வசூலித்த தொகை எவ்வளவு, எந்தெந்த வேலைக்குச் செலவு செய்தாய் என்று வருட வாரியாகச் சொல். இந்த நிலம் இன்றைய தேதியில் யார் பேரில் இருக்கிறது என்று சொல். கேட்பு, வசூல், நிலுவை என்பது அவர்கள் அலுவலகத்துப் பாஷை. அவர்கள் பாஷையிலேயே கேட்டால் புரியவில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது.

இதனால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பீர்கள். ஒழியாது. நகரத்தின் அழுக்கை அள்ளுகிறவர்களை நகரத்துக்கு வெளியே வைப்பது இந்தச் சமூகத்தின் பழைய புத்தி. கூடப்பாக்கமும் பெரும்பாக்கமும் அதன் கான்கிரீட் வடிவம். அதை எதிர்த்த போராட்டம் தனி, அது நடந்துகொண்டே இருக்கணும். ஆனால் பாக்கிக்காரன் என்ற பயத்தோடு இருக்கும் ஒருவரை அந்தப் போராட்டத்துக்குக் கூப்பிட முடியாது. கேட்பு நோட்டீஸ் வந்த வீட்டில் ஜனங்கள் அதிகாரியைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள். தன் கணக்கு தன் கையில் இருந்தால் வாசலுக்கு வந்து நிற்பார்கள். மிராசுதாரன் காலத்தில் நம்மிடம் இல்லாதது இந்த எழுத்துதான். இப்போது இருக்கிறது, பாதி எழுத்தாக. மீதிப் பாதியைக் கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை.

நோட்டுகளை இங்கேயே மேசைமேல் வைத்திருக்கிறேன். ரசீது கொண்டுவந்தவர்கள் இருந்தால் முன்னால் வாருங்கள், இப்பவே பிரிச்சுப் பார்ப்போம். ஜெய்பீம்.